ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள்

வரலாற்று நாவல் என்றதும் நமக்கு அரண்மனையும் குதிரைக் குளம்பொலியும்தான் நினைவுக்கு வரும். கல்கியும் சாண்டில்யனும் அப்படிப் பழக்கிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் சங்க நூலகத்தில் அட்டை கிழியும்வரை படிக்கப்படுபவை அவைதாம். இம்முறை ராஜாவும் ராணியும் இல்லாத ஒரு வரலாற்று நாவலைப் பார்ப்போம். அமெரிக்க எழுத்தாளர் கெவின் பேக்கர் 2002-இல் எழுதிய 'பாரடைஸ் ஆலி' அது. ஆங்கில நூல், பருமனானதும்கூட. கதைக்குள் நுழையுமுன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களுக்கு ஆள் போதவில்லை. 1863 மார்ச்சில் கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் வந்தது. குலுக்கலில் பெயர் விழுந்தவன் 300 டாலர் கட்டினால் போகவேண்டாம். அது ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம்! கறுப்பர்கள் குடிமக்களே அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1857-இல் தீர்ப்பளித்திருந்ததால் அவர்கள் பெயர் குலுக்கலில் இல்லை.

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர்கள் நியூயார்க் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்குக் கறுப்பர்களும் வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் லிங்கன் தெற்கின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்ததும், 'அவர்கள் வந்து உங்கள் கூலியைப் பறிப்பார்கள்' என்று சில அரசியல்வாதிகளும் நாளேடுகளும் ஓதத் தொடங்கினர்.

ஜூலை 13, திங்கட்கிழமை. முதலில் குலுக்கல் அலுவலகம் எரிந்தது. அன்று பிற்பகலே கூட்டம் ஐந்தாம் அவென்யூவில் இருந்த கறுப்பர் அநாதை இல்லத்தைக் கொள்ளையடித்துக் கொளுத்தியது. அங்கிருந்த 233 குழந்தைகளைப் பணியாளர்கள் வெளியே கூட்டிச் சென்றதால் அவர்கள் பிழைத்தனர். நான்கு நாட்களில் குறைந்தது 11 கறுப்பர்கள் கொல்லப்பட்டனர். மொத்தச் சாவு சுமார் 120 என்பார்கள்.

இனி நாவல். பஞ்சத்தில் தப்பி வந்த ஐரிஷ் பெண் ரூத். அவள் கணவன் பில்லி டவ், தெற்கிலிருந்து ஓடிவந்த அடிமை. கப்பல் கட்டத் தெரிந்தவன். நியூயார்க்கிலோ அவனுக்கு அந்த வேலை தர ஆளில்லை. அதே சந்தில் டெய்ர்ட்ரே என்ற பக்தியுள்ள ஐரிஷ் பெண். அவள் கணவன் போர்முனையில். ரூத்தின் திருமணத்தை அவளால் ஏற்க முடியவில்லை. ஊரே எரியும்போது டெய்ர்ட்ரேயின் சகோதரன் டோலன் பழைய பகையோடு ரூத்தைத் தேடி வருகிறான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் பார்க்கும் கண் மாறும். ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "பட்டினி கிடந்து வந்தவர்கள் இன்னொரு ஏழையை எப்படி மாமா அடித்தார்கள்?" கூலிப் போட்டி என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அது பாதி விடையாகத்தான் படுகிறது. அநாதைக் குழந்தைகள் யாருடைய வேலையைப் பறித்தார்கள்? கறுப்பரை மணந்த வெள்ளைப் பெண்களையும் கூட்டம் தேடித் தாக்கியதே, அது எந்தக் கூலிக்காக? வறுமை கோபத்தை விளக்கும். கோபம் யார் வாசலுக்குப் போகவேண்டும் என்பதை வேறு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அதே சமயம், 'ஐரிஷ்காரர்கள் செய்தார்கள்' என்று ஒரே சொல்லில் முடிக்கவும் முடியாது. கலவரக்காரர்களை எதிர்த்து நின்ற போலீஸ்காரர்களில் ஐரிஷ்காரர் பலர். ஜூலை 14 அன்று கூட்டம் தெருவில் சித்திரவதை செய்து கொன்ற படைத் தளபதி ஹென்றி ஓ'பிரையனும் ஐரிஷ்காரரே. பேக்கர் கெட்டிக்காரர். கலவரக் கூட்டம் எந்த இனமோ அதே இனத்தவளைக் கறுப்புக் குழந்தைகளுக்குத் தாயாக்கிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். அவளுக்கு வெளியே கேட்கும் குரல்கள் அந்நியமானவை அல்ல, சொந்த ஊர்ப் பேச்சு. வரலாற்று நூல் எவ்வளவு கணக்குக் கொடுத்தாலும் இதைக் கொடுக்காது.

கலவரம் அடங்கிய பிறகு பல கறுப்புக் குடும்பங்கள் புரூக்ளினுக்கும் நியூ ஜெர்சிக்கும் போய்விட்டன. 1860-இல் நியூயார்க் நகரில் 12,000-க்கு மேலிருந்த கறுப்பர் தொகை 1865-இல் 10,000-க்கும் கீழே இறங்கியிருந்தது.