பவனா ஏரிக்கரையில் ஒரு கீரைப் பாடம்

புனே வாழ் தமிழ் அன்பர்களுக்குப் பவனா ஏரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லோஹகட், திகோனா கோட்டைகளின் அடிவாரம். சனி, ஞாயிறு வந்தால் கரை நெடுகக் கூடாரங்கள். நாங்கள் நாலைந்து குடும்பங்கள் ஆண்டுதோறும் முதல் மழைக்குப் பின் அங்கே ஒரு விவசாயியின் நிலத்தில் தங்குவது வழக்கம். அவரைத் தாதா என்போம். (மராட்டியில் அண்ணன் என்று பொருள், பயப்பட வேண்டாம்.) அவர் தாயாரை எல்லோரும் ஆயி என்றே அழைக்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் போனபோது இடமே மாறியிருந்தது. நிலத்தைச் சமன் செய்து கொரியன் புல் பதித்து, களைக்கொல்லியும் தெளித்திருந்தார்கள். "நன்றாக இருக்கிறதா?" என்றார் தாதா. தலையாட்டி வைத்தேன். அடுப்படியிலிருந்து ஆயி மட்டும், "இந்த வருஷம் ஷேவளா கிடையாது" என்றார்.

ஷேவளா நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு. இலை வருமுன்னே, முதல் மழையில் மண்ணைப் பிளந்து பூந்தண்டு எழும்பும். அதைத்தான் சமைக்கிறார்கள். ஆயியின் பிறந்த வீடு கர்ஜத் பக்கம். அங்கிருந்து கொண்டுவந்து நட்ட கிழங்குகள் மண்வெட்டும் இயந்திரத்தோடு போயின. கூடவே வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று காகட் என்னும் மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அதுதான் பெரிய இழப்பு. ஷேவளாவில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன, தொண்டையை அரிக்கும். காகட்டின் புளிப்புக் காயைச் சேர்த்து வேகவைத்தால்தான் வாயில் வைக்கலாம். நாம் சேனைக்குப் புளி விடுவதும் இதற்காகத்தானே? ஒரு குழம்புக்குள் ஒரு கிழங்கும் ஒரு மரமும் சேர்ந்து நிற்கின்றன. ஒன்றை வெட்டினால் மற்றது இலைக்கு வராது. புளிப்பில்லாமல் ஒருமுறை புனேயில் நானே சமைத்துப் பார்த்தேன். அன்று மாலை முழுவதும் வீட்டில் பேச்சே இல்லை. தொண்டையும் ஒரு காரணம்.

களைக்கொல்லி விஷயம் இன்னும் கவலைக்குரியது. மழையில் அது வழிந்து சேருமிடம் ஏரி. பிம்ப்ரி–சிஞ்ச்வட் நகருக்குக் குடிநீர் தருவது அதே ஏரி. நம் சங்கத்தவர் பலரின் வீட்டுக் குழாய் அது!

"புல்தரை இல்லாவிட்டால் ஜனங்கள் வருவார்களா? கடன் வாங்கிச் செய்திருக்கிறேன்" என்றார் தாதா. நியாயமான கேள்வி. பாராமதிப் பக்கம் 2005 முதல் நகரத்தார் காசு கொடுத்து வயலையும் பாக்ரியையும் தேடிப் போவதையும், 2020-இல் மகாராஷ்டிர அரசே வேளாண் சுற்றுலாவுக்குக் கொள்கை வகுத்ததையும் சொன்னேன். அரை மனதோடு, ஏரியை ஒட்டிய பாதி நிலத்தை மட்டும் விட்டுவைத்தார். மருந்தை முழுவதுமாக நிறுத்தினார்.

விட்டதுதான் தாமதம். விதைக்காமலே டாக்ளாவும் குர்டூவும் முளைத்தன. டாக்ளா நம் தகரை. குர்டூ நம் பண்ணைக்கீரை. பூ வருமுன் கொழுந்தாகக் கிள்ள வேண்டும். எல்லாவற்றையும் கிள்ளிவிடக் கூடாது. மஞ்சள் நிறச் சிறு பட்டாம்பூச்சிகள் தகரை இலையில்தான் முட்டையிடுகின்றன. குர்டூ விதைக்குக் குருவிகள் வரும். அதனால் அக்டோபர் வரை அந்தப் பகுதியில் அரிவாள் படுவதில்லை. கம்பிவேலிக்குப் பதில் களாச்செடி வைத்தோம். மே மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில், பழுக்கும். புல்புல் பறவை மிச்சம் வைத்தால் நமக்கு. கர்டோலி என்னும் கசப்பில்லாத காட்டுப் பாகலில் முதலில் ஏமாந்தோம். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. எங்களுக்கு வாய்த்தவை எல்லாம் ஆண். மறு ஆண்டு பெண் கொடியின் கிழங்கைத் தேடி நட்ட பிறகே காய் கண்டோம்.

இதைப் படித்துவிட்டு அன்பர்கள் யாரும் படத்தைப் பார்த்துக் கீரை பறிக்கக் கிளம்ப வேண்டாம். அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சரி என்ற பின்பே சட்டியில் போடவேண்டும். முகாம்களில் வேலியோரம் நடப்படும் கிளிரிசிடியாவுக்கும் அழகான இலைதான். பெயரின் பொருளோ எலிக்கொல்லி.

இந்த ஆண்டு விருந்தாளிகளை ஆயியே கீரை பறிக்க அழைத்துப் போகிறார். தாதா அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார், கொடுக்கிறார்கள். கர்ஜத்திலிருந்து மறுபடி கொண்டுவந்த ஷேவளா ஜூனில் தலைகாட்டியது. காகட் கன்று இப்போதுதான் என் இடுப்பளவு. அது காய்க்கும் வரை, நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் புளியில் ஆயிக்கும் ஒரு பங்கு போகிறது.