ஆற்றில் இறங்குமுன் சொல்ல வேண்டியவை

கந்தோர்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் சகஊழியர்களுடன் ஒருநாள் சுற்றுலா போய்வருவது இன்று வழக்கமாகிவிட்டது. கொழும்பில் இருப்பவர்கள் விரும்பிப் போகும் இடங்களில் கித்துல்கலவும் ஒன்று. அங்கே களனி கங்கையில், பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரில், காற்றடைத்த ரப்பர் படகில் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். ராஃப்டிங் என்று அதற்குப் பெயர். "மகன் போகப் போவதாகச் சொல்கிறான், அனுப்பலாமா? தொழுகை என்னாவது? உயிருக்கு ஆபத்தில்லையா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஒரு தடவை போய்வந்தவன் என்ற முறையிலும், அங்கே ஒரு தவறு செய்தவன் என்ற முறையிலும் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத நாடுகிறேன்.

கித்துல்கல கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து ஹட்டன் செல்லும் பாதையில் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீற்றர். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகி மலையை விட்டு இறங்கும் பகுதி அது. 1957-இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தை எடுத்த இடமும் அதுவே என்று வான் சாரதி முதல் தேநீர்க்கடைக்காரர் வரை எல்லோரும் நமக்குச் சொல்லிவிடுவார்கள். நாம் அறிய வேண்டியது வேறு. ஆற்றின் மேற்பகுதியில் மின்நிலையங்கள் உள்ளன. அங்கிருந்து விடப்படும் நீரையும் மலையில் பெய்யும் மழையையும் பொறுத்து ஆற்றின் மட்டம் ஏறும், இறங்கும். காலையில் பார்த்த ஆறு மத்தியானத்தில் அதே ஆறாக இருப்பதில்லை.

இத்தகைய நீரோட்டங்களை உலகெங்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று என்பது வெறும் சலசலப்பு. ஆறு என்பது தேர்ந்தவர்களும் அஞ்சுவது. கித்துல்கலவில் உள்ளவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தரத்தவை. தேர்ந்த வழிகாட்டி ஒருவர் படகில் இருந்தால் முதல் தடவை வருபவரும் ஏறலாம். ஆனால் பெருமழை பெய்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால், கட்டிய பணத்தை நினைத்து அவரோடு வாதாடக் கூடாது.

நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்பது திருக்குர்ஆன் இட்ட கட்டளை (2:195). அதைக் காட்டி, ஆற்றுப் பக்கமே போகக் கூடாதென்று பிள்ளைகளைத் தடுப்போர் உண்டு. அப்படியானால் கடலில் வலை போடும் நம் மீனவச் சகோதரர்களுக்கு என்ன சொல்வது? அக்கட்டளை அஜாக்கிரதையைத் தடுக்கிறது என்று விளங்கிக்கொள்வதே பொருத்தம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வரும் ஹதீஸை அறியாதவர் நம்மில் குறைவு. ஆற்றில் கட்ட வேண்டிய கயிறு எது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொழுகையைப் பற்றி நம்மவர்கள் தேவைக்கு மேல் குழம்புகிறார்கள். "பயணம்தானே, கஸ்ரும் ஜம்உம் செய்துகொள்ளலாம்" என்று வீட்டிலேயே முடிவுகட்டிக்கொண்டு புறப்படுவோர் பலர். ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்கான தூரம் இரண்டு மர்ஹலா. அதைக் கிலோமீற்றரில் கணக்கிடும்போது ஏறத்தாழ 82 என்போரும் அதற்குக் கூடுதலாகச் சொல்வோரும் உளர். நம் ஊரின் எல்லையைக் கடந்த பிறகே தூரம் எண்ணப்படும் என்பதால், கித்துல்கல அந்த எல்லைக்கோட்டின் அருகிலேயே வந்து நிற்கிறது. தூரத்தில் ஐயம் இருந்தால் சுருக்கக் கூடாதென்பது சட்டம். தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம்.

உண்மையில் இச்சலுகை தேவைப்படும் நிலையே அங்கு வருவதில்லை. படகுச் சவாரி ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். நம் நாட்டில் ளுஹர் பன்னிரண்டு மணியை ஒட்டி வந்து, அஸர் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பத்து மணிக்கு ஆற்றில் இறங்கினால் ளுஹருக்குக் கரையேறிவிடலாம். அல்லது தொழுதுவிட்டு ஒரு மணிக்கு இறங்கலாம். சுபஹைத் தொழாமல் வானில் ஏறாதிருந்தால் போதும். அஸரை வழியிலுள்ள பள்ளிவாசலில் தொழலாம். இவ்வளவும் முதல்நாளே ஏற்பாட்டாளரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. போயா நாள் வெள்ளியில் வந்தால் மட்டும் கவனம் தேவை. ஜுமுஆ கடமையானவர், வழியில் ஜுமுஆ கிடைக்கும் என்ற உறுதியில்லாமல் பஜ்ருக்குப் பின் புறப்படலாகாது.

ஆற்று நீர் மண் கலங்கிச் சிவந்திருந்தாலும் வுளூவுக்குத் தகும். நனைந்த உடையோடும் தொழலாம். அவ்ரத் மறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காட்டோரத்தில் அட்டை கடித்து இரத்தம் வந்தால் வுளூ முறியுமோ என்று ஒரு சகோதரர் அங்கேயே என்னிடம் கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. அந்தச் சொற்ப இரத்தமும் மன்னிக்கப்பட்டது. ஹனஃபி மத்ஹபில் இரத்தம் வழிந்தோடினால் வுளூ முறியும்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

2023-இல் ஒரு போயா விடுமுறையன்று எங்கள் கந்தோரிலிருந்து பதினாறு பேர் போனோம். எங்களில் முஸ்லிம்கள் மூவர்: நான், கணக்குப் பிரிவிலுள்ள ஒரு சகோதரி, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதங்களேயான ஒரு தம்பி. அவர் வாப்பாவை இழந்தவர், உம்மாவுக்கு ஒரே பிள்ளை. அவிசாவளையைக் கடந்ததும் அவர் என் காதருகே குனிந்து, "நானா, எனக்கு நீந்தத் தெரியாதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க" என்றார். இளம் வயது, மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற வெட்கம். நான் தலையசைத்துவிட்டேன்.

கரையில் வழிகாட்டி எங்களை வரிசையாக நிறுத்தி, நீந்தத் தெரியாதவர்கள் யார், இருதய நோய், வலிப்பு, அண்மையில் சத்திரசிகிச்சை ஏதும் உண்டா என்று கேட்டார். அந்தச் சகோதரி உடனே கையை உயர்த்தினார். வேறு மதத்தவர்கள் மூன்று பேரும் உயர்த்தினார்கள். தம்பி என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். எனக்கும் நீந்தத் தெரியாது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஐம்பது வயதைக் கடந்தவன், இளையவர்கள் முன்னால் கை உயர்த்துவதா என்று நானும் சும்மா நின்றேன்.

மூன்றாவது இறக்கத்தில் படகு ஒரு பாறையில் ஏறிச் சாய்ந்தது. மூவர் விழுந்தார்கள். இருவர், கற்றுத்தந்தபடி, மல்லாந்து கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து போனார்கள். தம்பி விழுந்த இடத்தில் நீர் இடுப்பளவுதான். அதனால் எழுந்து நிற்கப் பார்த்தார். ஓடும் நீரில் செய்யவே கூடாதது அது. காலொன்று கற்களின் இடுக்கில் சிக்க, பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முன்னே தள்ளிக் கவிழ்க்கும். இடுப்பளவு நீரிலேயே மனிதன் மூழ்கிவிடுவான். அவருக்கும் கால் சிக்கியது. எத்தனை விநாடி என்று தெரியாது. கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. சப்பாத்துக் கழன்று கால் விடுபட்டது. வழிகாட்டி வீசிய கயிற்றை அவர் பிடித்துக்கொள்ள, எங்கள் களஞ்சியப் பொறுப்பாளரான சிங்களச் சகோதரரும் சேர்ந்து இழுத்தார். அல்ஹம்துலில்லாஹ், கணுக்காலில் ஒரு காயத்தோடு போயிற்று.

கரையேறிய பின் வழிகாட்டி கோபிக்கவில்லை. முன்பே சொல்லியிருந்தால் தமக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, விழுந்தால் செய்ய வேண்டியதை இரண்டு தடவை செய்து காட்டியிருப்பேன் என்று மட்டும் சொன்னார். அது வசவை விடக் கடுமையாக எனக்குப் பட்டது.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது தவறைச் செய்யக் கூசும் வெட்கம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நாவைக் கட்டும் கூச்சத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். எங்கள் மூவரில் அந்த வழியில் நின்றவர் கை உயர்த்திய அந்தச் சகோதரி மட்டுமே.

மத்தியானமும் இதே கூச்சம்தான். சோறு பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். ளுஹர் நேரம் வந்துவிட்டது. நான் சொல்லட்டும் என்று தம்பியும், அவர் எழும்பட்டும் என்று நானும் இருந்தோம். களஞ்சியப் பொறுப்பாளர்தான் வந்து, மேல்மாடி விறாந்தையைக் கூட்டி வைக்கச் சொல்லியிருப்பதாகவும், எங்களுக்கு மீனும் மரக்கறியும் தனிச்சட்டியில் சமைக்க முதல்நாளே சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தார். நாங்கள் வாய் திறக்காததை அவர் நினைத்துச் செய்திருந்தார்.

ஆற்றில் கட்ட வேண்டிய கயிறு என்று சொன்னேனே, அது முதலாவதாக உயிர்காப்பு அங்கியின் பட்டிகள். எல்லாவற்றையும் இறுக்கிய பின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி நாடிக்கு மேல் ஏறினால் அது தளர்வு. நீந்தத் தெரிந்தவருக்கும் அங்கி அவசியம். நுரைத்த நீரில் காற்றுக் கலந்திருப்பதால் அது உடலைச் சரியாகத் தாங்காது. வீசும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும். தலைக்கவசத்தை வெயிலுக்காகக் கழற்றக் கூடாது. மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டுங்கள். மோதிரத்தை வீட்டில் வையுங்கள்.

உடையில் மார்க்கமும் பாதுகாப்பும் ஒன்றாகவே செல்கின்றன. சாரம் உதவாது. ஈரத்தில் ஒட்டாத, நிறம் தெரியாத தடித்த துணியில் முழங்காலுக்குக் கீழிறங்கும் காற்சட்டை ஆண்களுக்குப் போதும். பெண்கள் அபாயாவோடு இறங்குவது ஆபத்து. நனைந்த துணி காலைச் சுற்றும், பாறையில் மாட்டும். நீண்ட தளர்ந்த சட்டையும் காற்சட்டையும் அணிந்து, முந்தானைகளை உள்ளே சொருகி, ஊசியில்லாமல் கட்டிய தலைத்துணியின் மேல் கவசத்தைப் போட்டுக்கொண்டால் மறைப்புக்கும் குறைவில்லை. அந்தச் சகோதரி அப்படித்தான் வந்திருந்தார். பெண்கள் தனிப்படகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். முன்கூட்டியே கேட்க வேண்டும்.

திரும்பும் வழியில் தம்பி, இதை உம்மாவிடம் சொல்ல வேண்டாமென்று மறுபடியும் என்னைக் கேட்டுக்கொண்டார். இம்முறை நான் தலையசைக்கவில்லை. "நீங்க சொல்லுங்க தம்பி, இல்லாட்டி நான் சொல்லுவேன்" என்றேன். இஷாவுக்குப் பின் அவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்தத் தாய் தொலைபேசியில் பேசினார். ஏசவில்லை. சற்றுநேரம் அழுதார். பிறகு, "நானா, உங்களுக்காவது நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் சுபஹ் தொழுதுவிட்டு இருவரும் ஒரு நீச்சல் குளத்துக்குப் போகிறோம். தம்பி அரைக்குளம் கடக்கிறார். எனக்கு இன்னும் மிதக்கத்தான் வருகிறது.