பெரிய பட்டன், குறைந்த காற்று, முன்னால் புது டயர்

சென்னையில் கிளம்பி திருச்சி, மதுரை, நெல்லை என்று நான்குவழிச் சாலையிலேயே ஓடும் எஸ்யூவியின் டயருக்கு எதிரி எது என்று கேட்டால், கல், முள் என்பார்கள். அந்தச் சாலையில் டயரைத் தீர்ப்பது சூடு. வண்டியைக் கைமீறிப் போகவைப்பது மழைத்தண்ணீர். டயர் கடையில் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி, இந்த இரண்டையும் மறந்துவிட்டுச் சொல்லப்படுபவை.

“எஸ்யூவின்னா பெரிய பட்டன் டயர்தான் கெத்து!”

கெத்தைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. பிடிமானமும் அதில்தான் அதிகம் என்று சொல்லும்போதுதான் சண்டை. ஏ.டி. எனப்படும் ஆல் டெரெய்ன் டயரில் பட்டன்களுக்கு நடுவே அகலமாகப் பள்ளம் விட்டிருப்பது, சேறும் கல்லும் சிக்கிக்கொள்ளாமல் உதிர்வதற்காக. பள்ளம் கூடிய அளவுக்குத் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது. உயரமான பட்டன்கள் வேகத்தில் நெளிகின்றன, நெளிவது சூடாகிறது. போதாததற்கு இரைச்சல், மைலேஜ் இழப்பு. ஈரத்தில் பிரேக் அடித்தால் நிற்கும் தூரமும் பொதுவாகக் கூடும்.

நெடுஞ்சாலைக்கென்றே செய்யப்படுவது எச்.டி., அதாவது ஹைவே டெரெய்ன். சுற்றிலும் ஓடும் மூன்று நான்கு நீளப் பள்ளங்கள், நெருக்கமான பட்டன்கள். பார்க்க சாதுவாகத்தான் இருக்கும். அடிக்கடி தோப்புக்குள்ளோ குவாரிப் பாதையிலோ போகிறவர் ஏ.டி. வாங்குவதில் நியாயம் உண்டு. டோல்கேட்டைத் தவிர வேறு தடையே பார்க்காத வண்டிக்கு அது எதற்கு?

அகலம் கூட்டினால் பிடிமானம் கூடும் என்பதும் காய்ந்த சாலைக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். மழையில் அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும்.

“வெயில் காலத்துல காத்தைக் குறைச்சு ஓட்டுங்க, இல்லன்னா வெடிச்சிடும்.”

கத்திரி தொடங்கினால் கடைக்குக் கடை கேட்கும் புத்திமதி இது. இருப்பதிலேயே ஆபத்தானதும் இதுதான். சூட்டில் காற்றின் அழுத்தம் ஏறுவது உண்மை. காலையில் 33 பி.எஸ்.ஐ. இருந்த டயர், வேகமாக ஓடியபின் 37, 38 காட்டும். அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் கார் கம்பெனி 33 என்று எழுதியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள டயர் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும்.

வெடிப்பதற்கான காரணம் நேர் எதிரானது. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. 100 கி.மீ. வேகத்தில் எஸ்யூவி டயர் நிமிடத்துக்குச் சுமார் 700 தடவை சுற்றும். கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சூடேறி ஒடிவதைப்போல, உள்ளே வெப்பம் சேர்ந்து ரப்பரும் எஃகு பெல்ட்டும் ஒட்டுவிடுகின்றன.

அமெரிக்கா இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்யூவியில் ஓடியவை. மேல்ரப்பர் உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்தது. ஆனால் காற்றும் சும்மா இருக்கவில்லை. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லிவந்த அளவு 26 பி.எஸ்.ஐ., ஃபயர்ஸ்டோனோ 30 வேண்டும் என்றது. விபத்துகள் குவிந்தது டெக்சாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில். அந்த ஆண்டே நிறைவேறிய சட்டத்தின் விளைவாகத்தான், காற்று குறைந்தால் எச்சரிக்கும் டி.பி.எம்.எஸ். விளக்கு அங்கே எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது.

ஆகவே, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவு, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஏழு பேரும் பெட்டிகளும் என்றால் முழு லோடுக்கான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது உச்சவரம்பு, அதை அடிக்கச் சொல்லி எழுதவில்லை. விழுப்புரம் பங்கில் நிறுத்தி, சூடான டயரின் 38-ஐ 33-க்கு இறக்கினால், மறுநாள் காலை அது 28, 29-ல் நிற்கும்.

குறைந்த காற்று மழையிலும் கெடுதல்தான். தேங்கிய தண்ணீரில் எந்த வேகத்தில் டயர் சாலையை விட்டு மிதக்கும் என்பதற்கு, 1960-களில் விமான டயர்களை வைத்து நாசா ஒரு கணக்குக் கண்டது. அதன்படி 33 பி.எஸ்.ஐ.க்குச் சுமார் 95 கி.மீ., 25 பி.எஸ்.ஐ.க்கு 83 கி.மீ. தேய்ந்த கார் டயர் இதற்கும் முன்பே மிதக்கக்கூடும்.

“ரெண்டு டயர்தான் மாத்துறீங்களா? புதுசை முன்னாடி போடுங்க.”

ஸ்டியரிங்கும் பிரேக்கும் முன்னால் என்பதால் நம்பத் தோன்றும். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிமானம் திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், அதைத் திருத்தப் பழகியவர்கள் மிகச் சிலர். எனவே புதியவை பின்னால்தான். “முன்டயர் வெடிச்சா?” என்று கேட்பார்கள். வெடிக்குமோ என்று பயப்படும் அளவுக்குத் தேய்ந்த டயருக்கு வண்டியின் எந்தப் பக்கமும் இடமில்லை. நாலு வீல் டிரைவ் வண்டி என்றால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே முறை. அந்த டிரைவ் கிளம்பத்தான் உதவும், நிற்பதற்கு அல்ல.

“210-ல யாரு போகப்போறா?”

235/65 R17 104H என்ற அளவில் கடைசி இரண்டையும்தான் யாரும் படிப்பதில்லை. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. வேகம் கூடக்கூட சூடு கூடுவதால், இந்த எழுத்து டயரின் சூடு தாங்கும் திறனுக்கும் ஓர் அடையாளம். அதே அளவில் விலை குறைந்த டயர் ஒன்றைக் கடைக்காரர் நீட்டினால் இந்த இரண்டையும் பாருங்கள். வண்டியோடு வந்ததைவிட எதுவும் குறையக்கூடாது.

“பட்டன் இருக்கு, இன்னும் ஓடும்.”

பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடுகள் 1.6 மி.மீ. எல்லையைக் காட்டுபவை. மழைச்சாலைக்கு அது போதாது, 3 மி.மீ. வந்ததுமே மாற்றத் தயாராவது நல்லது. ஓடாமல் நிற்கும் ரப்பரும் கெட்டிப்படும். பக்கச்சுவரில் 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. பல கார் கம்பெனிகள் ஆறு ஆண்டு என்கின்றன, மிச்சலின் பத்தை உச்சமாக வைக்கிறது.

நைட்ரஜன்? நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவே. சாதாரணக் காற்றைக் கலக்கக்கூடாது என்று நம்பி, நைட்ரஜன் கிடைக்கும்வரை குறைந்த காற்றோடு ஓட்டுகிறார்களே, அதுதான் வம்பு. தாராளமாகக் கலக்கலாம்.

ஸ்டெப்னி மாட்டியாயிற்று, இனி பழைய வேகம் என்பதும் எல்லா வண்டிக்கும் சரிவராது. பல எஸ்யூவிகளில் அது மற்ற நான்கைவிடச் சிறியது. மெலிந்த, தற்காலிக வகையாக இருந்தால் வேக வரம்பு 80 கி.மீ., காற்று 60 பி.எஸ்.ஐ. என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். டிக்கித் தரையைத் தூக்கினால் படித்துவிடலாம்.