எம்.எஸ். என்று டொக்டர் சொன்ன பிறகு: பூண்டுலோயாவிலிருந்து கிளினிக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கண்டியிலோ பேராதனையிலோ நரம்பு டொக்டர் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ (எம்.எஸ்.) என்று சொன்ன அன்று தலைக்குள் எதுவும் ஏறாது. அது பரவாயில்லை. மூளை, முள்ளந்தண்டு நரம்புகளின் மேலுறையை உடம்பின் பாதுகாப்பு அணுக்களே தாக்குவதுதான் இந்த நோய். தொற்றாது. செய்வினையும் இல்லை. பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில், பெண்களுக்கே கூடுதலாக வரும். நம் பக்கம் அபூர்வம் என்பதால் தோட்டத்து டிஸ்பென்சரியில் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். உங்கள் கதையை நீங்களேதான் கொண்டுபோக வேண்டும்.

படி 1: ஒரு கொப்பி போடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். எது, எப்போது தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது, முழுதாகச் சுகமானதா என்று எழுதுங்கள். திகதி நினைவில்லையா? ‘தீபாவளி அட்வான்ஸ் வாங்கிய கிழமை’ என்றாலும் போதும். எப்போதோ ஒரு கண் மங்கித் தானாகத் தெளிந்திருந்தால் அதை விடவே கூடாது.

‘கை கால் சரியில்லை’ என்றால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. ‘கொழுந்து கிள்ளும்போது வலது கட்டைவிரலில் தளிர் பட்டதே தெரியவில்லை, மலை இறங்கும்போது இடது பாதம் தடுக்குகிறது’ என்று சொல்லுங்கள். சிறுநீர் அடக்க முடியாததையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

சுடுதண்ணீரில் குளித்ததும் பார்வை மங்கி, உடம்பு ஆறியதும் சரியாகிறதா? உடம்பை வருத்தி உழைத்ததும் இப்படிப் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப் 1890இலேயே எழுதிவைத்தார். சூட்டில் பழைய அறிகுறி தலைகாட்டுகிறதே தவிர, புதுத் தாக்குதல் இல்லை. காய்ச்சலிலும் சிறுநீர்த் தொற்றிலும் இதே மாதிரி ஏமாற்றும். காய்ச்சல் இல்லாமல் 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கும் புது அறிகுறியைத் தனியாகக் குறியுங்கள்.

படி 2: கடதாசிகள்

கிளினிக் கொப்பி, வார்டிலிருந்து டிக்கட் வெட்டும்போது தந்த அட்டை, எம்.ஆர்.ஐ. படமும் சீடியும், குடிக்கும் மாத்திரை அட்டைகள். நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் மறைக்காதீர்கள். எல்லாம் பொலித்தீன் பைக்குள். மழை கேட்டுக்கொண்டு வராது.

படி 3: கூட யார்?

சிங்களம் சரளமாகப் பேசும் பெரியவர் ஒருவர். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போனால் அந்தரங்கம் பேச முடியாது, பிள்ளையும் பயந்துவிடும். யாரும் கிடைக்காவிட்டால், முக்கியமான நான்கு வரியைச் சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேர் போடாத நாள் கூலி போகும் என்பது தெரிந்ததே. கிளினிக் திகதியைத் தோட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படி 4: கேட்க வேண்டியவை

கிடைப்பது சில நிமிடம். முதல் கேள்வி, இது நிச்சயமாக எம்.எஸ்.தானா, நியூரோமைலைட்டிஸ் ஒப்டிகா என்ற வேறு நோய் இல்லையா என்பது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், ஆனால் எம்.எஸ். மருந்துகள் சில மற்றதை மோசமாக்கும். இரண்டையும் பிரித்தறிய உதவும் அக்குவாபோரின்-4 இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பிறகு, எழுதித் தரும் மருந்து ஆஸ்பத்திரியில் தொடர்ந்து கிடைக்குமா, வெளியில் வாங்க வேண்டுமா? பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மருந்து தொடங்குமுன்பே சொல்லுங்கள். சில மருந்துகள் கருவுக்கு ஆகாது.

படி 5: அறையை விட்டு வருமுன்

அடுத்த திகதியையும், திடீரென்று கால் விழுந்தால், கண் மங்கினால் எந்த வார்டுக்கு வருவது என்பதையும் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அப்படி நடந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். தாக்குதலுக்கு ஸ்டீரொயிட் மருந்தை இரத்த நாளத்தில் ஏற்றுவது வழக்கமாக 3 முதல் 5 நாள். அதற்கு வார்டில் தங்க வேண்டி வரலாம். நடக்கவே முடியாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை.