பின்னிணைப்பில் வைக்காதே

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் ஆய்வேட்டின் முதல் மூன்று இயல்களையும் படித்தேன். மிலான் ஆட்சியாளர் ஜியான் கலியாட்சோ விஸ்கோன்டியின் போர்களை நன்றாகவே எழுதியிருக்கிறாய். 1395-இல் ஜெர்மானிய அரசர் வென்சஸ்லாஸுக்குப் பணம் கொடுத்து டியூக் பட்டம் வாங்கிய பகுதியும் தெளிவு. ஆனால் குடும்பத்தைக் கடைசியில் தள்ளி, ஒரு வம்சாவளிப் படத்தோடு முடித்துவிட்டாய். அது எனக்குச் சம்மதமில்லை.

அவருக்கு வீடு வேறு, அரசியல் வேறு என்று இருந்ததே இல்லையம்மா. 1360-இல், பத்து வயதுகூட நிரம்பாதபோது, பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானின் மகள் இசபெல்லை அவருக்குக் கட்டிவைத்தார்கள். ஆங்கிலேயரிடம் பிடிபட்டிருந்த அரசருக்கு மீட்புப் பணம் வேண்டும். விஸ்கோன்டிகளுக்கு ராஜ சம்பந்தம் வேண்டும். 1372-இல் இசபெல் பிரசவத்தில் இறந்தார். 1380-இல் சித்தப்பா பெர்னபோவின் மகள் கத்தெரினாவையே மணந்தார். நம் கணக்கில் தங்கை முறை. அவர்களுடைய திருச்சபையும் தடுத்த உறவுதான்.

1385 மே 6-ஐ நிதானமாக எழுது. வரேசேயிலுள்ள மாதா கோயிலுக்கு யாத்திரை போவதாகச் சொல்லி, பெரும் காவலோடு ஜியான் கலியாட்சோ மிலான் வழியாக வருகிறார். அண்ணன் மகன், அதிலும் மருமகன், பக்திமான் என்று பெயரெடுத்தவன். அவனை வரவேற்க பெர்னபோ இரண்டு மகன்களோடு நகருக்கு வெளியே வருகிறார். அங்கேயே மூவரும் கைதாகிறார்கள். மக்கள் பெர்னபோவின் மாளிகையைச் சூறையாடுகிறார்கள். டிசம்பரில் ட்ரெட்ஸோ கோட்டைச் சிறையில் அவர் இறந்தார். விஷம் வைத்தார்கள் என்றே பேச்சு.

தந்தையைச் சிறையிட்ட கணவனோடு கத்தெரினா தொடர்ந்து வாழ்ந்தார், இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நீ கற்பனை செய்யாதே. தேதிகளை அருகருகே வை, போதும். பவியாவின் பெரிய துறவி மடத்தை டியூக்கின் பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதைக் கட்டச் சொல்லி 1390-இலேயே வேண்டுதல் வைத்தவர் கத்தெரினா. அதை விட்டுவிட்டாயே!

ஜியான் கலியாட்சோ தம் மூத்த தாரத்து மகள் வலென்டினாவை அஸ்தி நகரைச் சீதனமாகக் கொடுத்து ஆர்லியன்ஸ் லூயிக்கு மணமுடித்தார். பிரெஞ்சு அரண்மனையில் அப்போது ராணியாக இருந்தவர் பெர்னபோவின் பேத்தி இசபோ. அரசருக்குப் பித்துப் பிடித்தது வலென்டினாவின் சூனியத்தால் என்று பழி கிளம்பியது. 1396-இல் அவர் அரண்மனையை விட்டே போக வேண்டியதாயிற்று. கணவர் 1407-இல் பாரிஸில் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அவரும் போனார்.

1402 செப்டம்பரில், ஃபிளாரன்ஸைச் சூழ்ந்துகொண்டிருந்த வேளையில், டியூக் காய்ச்சலில் இறந்தார். மூத்த மகன் ஜியோவன்னி மரியாவின் ஆட்சியில் கத்தெரினா சிறைப்பட்டு, 1404-இல் மோன்சாவில் இறந்தார். அந்த மகனை 1412-இல் தேவாலயத்தில் வைத்து வெட்டிச் சாய்த்தார்கள். இளையவர் ஃபிலிப்போ மரியா 1447-இல் ஆண் வாரிசில்லாமல் போனார். 1499-இல் வலென்டினாவின் பேரன், பிரெஞ்சு அரசர் பன்னிரண்டாம் லூயி, பாட்டி வழி உரிமை கேட்டு மிலானையே பிடித்தார். இந்தப் படையெடுப்பின் வேர் உன் பின்னிணைப்பில் கிடக்கிறது.

மூன்று இயல்களையும் பிரித்து, திருமணங்களைப் போர்களுக்கு நடுவே கொண்டுவந்து எழுது. வழிகாட்டி பக்கக் கணக்குச் சொன்னால் முற்றுகை விவரங்களைக் குறைத்துக்கொள், கத்தெரினாவைக் குறைக்காதே. திருத்தியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா