நாய் நொண்டினால் முதலில் ஓட்டத்தை நிறுத்து

பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்ற நாய் ரெண்டு நாள் கழித்துக் காலை ஊன்றியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். "சுளுக்குதான், சரியாப் போச்சு" என்று மறுபடி அவிழ்த்து விடுவார்கள். தங்கச்சி, முழங்கால் ஜவ்வு கிழிந்த நாய்க்கு மிக ஆபத்தான நாள் அதுதான். வீக்கமும் வலியும் கொஞ்சம் தணிந்திருக்கும், ஜவ்வு ஒட்டியிருக்காது. அன்றைக்கு அது மாடிப்படியில் தாவி இறங்கினால், பாதி கிழிந்தது முழுசாக அறுந்துபோகும். அதனால் கால் நொண்டுகிறது என்று தெரிந்த நிமிடமே ஓட்டம், தாவல், படி மூன்றையும் நிறுத்து. டாக்டரைப் பார்ப்பது, மருந்து, ஆபரேஷன் எல்லாம் அதற்கப்புறம்.

பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள நம் சந்தாபுராவில் இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சர்க்கிளிலிருந்து ஆனேக்கல் ரோடு பக்கம் உள்ளே போனால் எல்லாம் லிஃப்ட் இல்லாத மூன்று மாடி, நான்கு மாடி வாடகை வீடுகள். தரையெல்லாம் வழுவழு டைல்ஸ். வாசலில் தெருநாய்க் கூட்டம், பத்து நிமிடத்துக்கு ஒரு டெலிவரிப் பையன். ஆரோக்கியமான நாய்க்கே முழங்கால் தேயும் சூழல் இது. இங்கே ஒரு லாப்ரடாரையோ ராட்வைலரையோ வளர்க்கிறோம் என்றால் அதன் முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கபடி ஆடுபவருக்கு ஜவ்வு கிழிவது பெரும்பாலும் ஒரே நொடியில் நடக்கும் விபத்து. நாய்க்கு அப்படி இல்லை. நாய் சும்மா நிற்கும்போதே அதன் முழங்கால் மடங்கித்தான் இருக்கும். கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கம் சரிந்திருப்பதால், ஒவ்வொரு அடியிலும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடித்திருப்பது முன் ஜவ்வு. கிணற்றுத் தாம்புக்கயிறு போல அது இழை இழையாகத் தேய்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் பந்துக்குப் பின்னால் ஓடும்போது அறும். நம் கண்ணுக்கு அந்தக் கடைசி நாள் மட்டும்தான் தெரிகிறது.

வீட்டிலேயே சில அறிகுறிகளைப் பார்த்துவிடலாம். தூங்கி எழுந்ததும் முதல் சில அடி விறைப்பாக நடக்கிறதா? உட்காரும்போது ஒரு காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறதா? நிற்கும்போது விரல் நுனி மட்டும் தரையைத் தொடுகிறதா? இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார், ஒன்று மெலிந்திருந்தால் அந்தக் காலை அது கொஞ்ச நாளாகவே பயன்படுத்தவில்லை. முழங்காலின் உள்பக்கம் தடித்திருந்தாலும் பிரச்சினை பழையது. நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால், மூட்டுக்குள் இருக்கும் குஷனும் கிழிந்திருக்க வாய்ப்புண்டு.

ஆனால் நொண்டல் எல்லாமே ஜவ்வு இல்லை. முதலில் பாதத்தைத் திருப்பி விரலிடுக்கில் முள், கண்ணாடித் துண்டு, பிய்ந்த நகம் இருக்கிறதா என்று பார். பொமரேனியன் மாதிரி சின்ன நாய் நாலடி நடந்து, ஓரடி தத்தி, மறுபடி ஒழுங்காக நடந்தால் முழங்கால் சில்லு விலகுவதாக இருக்கலாம். உண்ணி நிறைய உள்ள ஊர் நம்முடையது. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கி நொண்டும், இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று மாறும், சாப்பாடும் குறையும். அப்படியானால் ரத்தப் பரிசோதனை வேண்டும். வலியில் இருக்கும் நாய் சொந்த வீட்டாரையும் கடிக்கும், அதனால் தொட்டுப் பார்க்கும் முன் துப்பட்டாவால் அதன் வாயைத் தளர்வாகக் கட்டிவிடு.

அடுத்து, செய்யக்கூடாதவை. இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் பாராசிட்டமால், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதே. அரை மாத்திரைதானே என்று நினைக்காதே. வயிற்றில் புண், ரத்த வாந்தி, சிறுநீரகம் செயலிழப்பது வரை போகும். டைக்ளோஃபினாக் கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான் 2006-ல் கால்நடை வைத்தியத்தில் அந்த மருந்தை இந்திய அரசு தடை செய்தது. வலித் தைலம், ஸ்ப்ரே, ஜெல் எதுவும் பூசாதே, நாய் நக்கி உள்ளே இழுத்துவிடும். மஞ்சள் பத்து, நல்லெண்ணெய் போட்டு உருவி விடுவது, புத்தூர் கட்டு மாதிரி இறுக்கிக் கட்டுவது எல்லாம் மனிதர்களுக்குச் செய்யும் கை வைத்தியத்தின் மேல் உள்ள நம்பிக்கையில் வருகிறது. வீங்கின மூட்டை உருவினால் வீக்கம் கூடும். இறுக்கிக் கட்டினால் பாதத்துக்கு ரத்தம் போகாது.

முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸை முழங்காலில் 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. அவ்வளவுதான் நம் கை வைத்தியம். காலைச் சுத்தமாக ஊன்றவே இல்லை, அல்லது எலும்பு கோணலாகத் தெரிகிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

போகும் முன் ஒரு வேலை செய். நாய் வீட்டில் நடப்பதைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுத்து வை. ஆஸ்பத்திரி வாசலில் மற்ற நாய்களைப் பார்த்த பரபரப்பில் நம் நாய் நொண்டவே நொண்டாது, நாம் பொய் சொல்வது போல ஆகிவிடும். டாக்டர் தொடையைப் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார், எலும்பு நகர்ந்தால் ஜவ்வு போயிருக்கிறது. பயத்தில் தசையை இறுக்கிக்கொள்ளும் நாய்க்கு மயக்க ஊசி போட்டுத்தான் இதைச் செய்ய முடியும், அதனால் வெறும் வயிற்றோடு வரணுமா என்று முன்னாடியே போனில் கேட்டுக்கொள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. 'அப்புறம் எதுக்கு எடுக்கச் சொல்றாங்க' என்று சண்டை போடாதே. மூட்டில் நீர் கோத்திருப்பது, தேய்மானம், எலும்பு முறிவு, எலும்புப் புற்று ஆகியவை அதில் தெரியும்.

பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டாலும் அதில் நாயை ஏற்ற முடியாது. பக்கத்து டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் காரோ ஆட்டோவோதான். 1958-ல் தொடங்கிய ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல், ஊரின் மறுகோடியில் இருக்கிறது. ஓசூர் ரோடு டிராஃபிக்கில் சடன் பிரேக் அடித்தால் நாய் சீட்டிலிருந்து விழும், எனவே கீழே தரையில் மெத்தையைப் போட்டுப் படுக்க வை. ஸ்கூட்டர் ஃபுட்போர்டில் நிறுத்திக் கூட்டிப் போகவே போகாதே.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டோடு கொடு. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் மாதிரி வலி மருந்துகளை எடைக்குத் தகுந்தபடிதான் எழுதுவார்கள். அரிப்புக்கோ அலர்ஜிக்கோ பிரெட்னிசலோன் ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடு, ரெண்டும் சேரக்கூடாது. வாந்தி, கறுப்பு மலம், சாப்பிட மறுப்பது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் போடு. வலி குறைந்ததும் நாய் ஓடத் துடிக்கும். மாத்திரை ஓடும் நாட்களில்தான் கயிற்று விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்கணும்.

இனி வீடு. குணமாவதில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் தரை. நாய் படுக்கும் இடம், தண்ணீர்க் கிண்ணம், வாசல் மூன்றையும் இணைத்து ரப்பர் மேட்டோ பழைய யோகா மேட்டோ விரி. சாக்கு விரித்தால் அடியில் நழுவாதபடி ஓரத்தை டேப் ஒட்டு. விரலிடுக்கு முடியையும் நகத்தையும் வெட்டிவிடு, பிடிப்பு கிடைக்கும். கட்டில், சோஃபாவில் ஏறிப் பழகிய நாய் என்றால் உன் மெத்தையையே கொஞ்ச நாள் தரையில் போட்டுப் படு. "ஏறாதே" என்று அதட்டினால் நீ இருக்கும்போது மட்டும் ஏறாது. வெளியே போகும்போது சின்ன அறையிலோ, நாற்காலிகளைக் கவிழ்த்து அடைத்த மூலையிலோ விடு. திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும், ஓட இடம் இருக்கக்கூடாது.

காலிங் பெல்லைக் கழற்றி வை. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு பெல் சத்தத்துக்கு அது வாசலுக்குப் பாயும் பாய்ச்சல் ஒரு வார ஓய்வை வீணாக்கும். 'வந்ததும் போன் பண்ணுங்க' என்று டெலிவரி ஆட்களுக்கு ஆப்பிலேயே எழுதிவிடு. கன்னட ராஜ்யோத்சவமோ தீபாவளியோ வந்தால் பட்டாசு நேரத்துக்கு முன்பே உள்ளறையில் கட்டிப் போட்டு நீயும் கூட உட்கார்.

மாடிப்படி பெரிய தலைவலி. சின்ன நாயைத் தூக்கிவிடலாம். முப்பது கிலோ நாய்க்குப் பழைய துண்டையோ லுங்கியையோ நீளவாக்கில் மடித்து அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொள். பின்பக்க எடையை நீ தாங்க, முன்னங்காலால் அது நடக்கும். ஆண் நாய் என்றால் சிறுநீர் போகும் இடத்தை அழுத்தாமல் துண்டைத் தொடைப் பக்கம் தள்ளிப் பிடி. வெளியே போவது ஒன்றுக்கு, ரெண்டுக்கு மட்டும், ஐந்து நிமிடம், குட்டைக் கயிற்றில். தெருநாய்கள் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போ. லிஃப்ட் உள்ள அபார்ட்மெண்டில் "நாய் ஏறக்கூடாது" என்று யாராவது தடுத்தால், வளர்ப்பு நாயை லிஃப்டில் ஏற்றத் தடை போடக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் கொடுத்திருப்பதைச் சங்கத்துக்கு மரியாதையாக எழுதிக் கொடு.

கட்டிப் போட்ட நாய்க்குச் சலிப்பு வரும், அழும், செருப்பைக் கடிக்கும். அதன் சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொட்டாமல், சுருட்டிய துண்டுக்குள் ஒளித்து வைத்துத் தேட விடு. மோப்பம் பிடிக்கிற வேலை மூளையைக் களைப்பாக்கும், கால் அசையாது.

சாப்பாடு என்றதும் அக்கம்பக்கத்தில் ஆட்டுக்கால் சூப் கொடுக்கச் சொல்வார்கள். சூப்பால் ஜவ்வு ஒட்டாது. முழங்காலுக்கு நீ செய்யக்கூடிய பெரிய உதவி எடையைக் குறைப்பது. விலாவில் விரல்களை ஓட்டிப் பார், அழுத்தித் தேடினால்தான் எலும்பு தட்டுப்படுகிறது என்றால் நாய் குண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவின்படி குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. நம் வீடுகளில் பால் சோறு, டீயில் நனைத்த பிஸ்கட், தாத்தா ஒளித்துக் கொடுக்கும் சப்பாத்தி என்று எடை ஏறுகிறது. சோற்றையும் ராகிக் களியையும் குறைத்து, வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட்டைக் கூட்டு, முட்டையோ கோழியோ அளவாக இருக்கட்டும். வெங்காயமும் திராட்சையும் ஆகவே ஆகாது. வாரத்துக்கு மொத்த எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் குறைந்தால் போதும், பட்டினி போடாதே. யார் எப்போது என்ன கொடுத்தார்கள் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதச் சொல், தாத்தா உட்பட.

பதினைந்து கிலோவுக்குக் கீழே உள்ள நாய்கள் பல, ஆறு எட்டு வாரக் கண்டிப்பான ஓய்விலும் எடைக் குறைப்பிலும் சமாளித்துவிடும். பெரிய நாய்க்கு ஆபரேஷன்தான் நல்லது என்பது பெரும்பாலான டாக்டர்களின் பேச்சு, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மூட்டுக்கு வெளியே கெட்டி நைலான் இழை கட்டுவது ஒரு முறை. அமெரிக்க டாக்டர் பார்க்லே ஸ்லோகம் 1993-ல் எழுதி வெளியிட்ட டிபிஎல்ஓ (TPLO) என்ற முறை இன்னொன்று. அதில் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவாக வெட்டி, சரிவு குறையும்படி திருப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுவார்கள். ஜவ்வே இல்லாமல் மூட்டு நிலைத்து நிற்கும். இந்த ஆபரேஷனை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பிளேட், மயக்க மருந்து, பிறகு எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்றும் எழுதி வாங்கு.

ஆபரேஷனுக்குப் பிறகு தையல் பிரிக்கும் வரை, அதாவது 10-14 நாள், தையலை நக்காமலிருக்கப் போடும் கழுத்துக் கூம்பைக் கழற்றாதே, ராத்திரியும்தான். எட்டு வாரத்தையொட்டி எக்ஸ்ரே எடுத்து எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை குட்டைக் கயிறுதான். ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரென்று தூக்கிவிட்டாலோ, தையலில் நீர் வடிந்தாலோ காத்திருக்காதே. பிறகு மெதுவான நடை, உட்கார்ந்து எழுவது என்று தசையை வளர்க்கலாம். நீச்சல் நல்ல பயிற்சிதான், ஆனால் சந்தாபுரா ஏரியில் இறக்கிவிடாதே. அந்த ஏரி கெட்டதற்காகவே 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. ஆபரேஷன் ஆன காலோடு அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

நீ சோறு வைக்கும் தெருநாய் காலைத் தொங்கப்போட்டு வந்தால் துரத்திப் பிடிக்காதே, ஓடி இன்னும் கெடுத்துக்கொள்ளும். சாப்பாடு வைத்து ஒரு கேட்டுக்குள் வரவழைத்துப் பூட்டிவிட்டு, 1991 முதல் பெங்களூரில் இயங்கும் கியூபா (CUPA) போன்ற விலங்கு நல அமைப்பைக் கூப்பிடு. கடித்தோ பிராண்டியோ விட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்.

கடைசியாக மற்றக் கால். ஒரு பக்கம் ஜவ்வு போன நாய்களில் பாதிக்கு நெருக்கமானவற்றுக்கு ஓரிரு வருடத்தில் இன்னொரு பக்கமும் போகிறது. அதனால் மேட்டைச் சுருட்டி வைக்காதே, எடையையும் ஏற விடாதே. மாசத்துக்கு ஒரு தடவை இரண்டு தொடையையும் பிடித்துப் பார்த்து, உட்காரும்போது எந்தக் கால் வெளியே நீளுகிறது என்று கவனித்து வை.