சார்பறிந்து சொல்லறிதல்
ஆங்கிலம் பயிலும் மாணவர்க்கு ஒரு குறிப்பு

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகும் மாணாக்கர் முதலில் நாடுவது சொற்களையே. சொற்களைச் சேர்த்துவிட்டால் மொழி கைவந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் என் எண்ணமும் அதுவே. வாரந்தோறும் இருபது சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றன் எதிரிலும் ஒரு தமிழ்ப் பொருளை இட்டு, மனனஞ் செய்துவருமாறு பணிப்பேன். அம்முறையின் குறையை எனக்கு உணர்த்தியவன் உடப்பிலிருந்து வந்த மாணவன் ஒருவன்.

கடற்கரைப் பிள்ளைகள் மிகுந்த வகுப்பாதலால், ‘ஷோல்’ என்னும் சொல்லை ஒரு வாரம் பட்டியலிற் சேர்த்து, எதிரே ‘மீன் கூட்டம்’ என்று எழுதியிருந்தேன். அடுத்த வாரம் மொழிபெயர்க்கக் கொடுத்த பந்தியில், ‘தி போட் ஸ்ட்ரக் எ ஷோல்’ என ஒரு வாக்கியம் வந்தது. படகு மணற்றிட்டில் தட்டியது என்பது அதன் கருத்து. அம்மாணவனோ, ‘படகு மீன் கூட்டத்தில் மோதியது’ என எழுதியிருந்தான். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்தேன்.

“கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளை நீ. மீன் கூட்டத்தில் படகு மோதியதை எங்கே கண்டாய்?” என்று கேட்டேன்.

அவன் தலைகுனிந்து, “மோதாது என்று எனக்குத் தெரியும், ஐயா. நீங்கள் தந்த பொருள் அதுதானே என்று எழுதினேன்” என்றான்.

அதன்பின் அவன் வகுப்பில் வாய்திறக்கப் பல நாட்கள் சென்றன. கடலை நன்கறிந்த பிள்ளை, தன் அறிவு சொன்னதைத் தள்ளி என் பட்டியல் சொன்னதை நம்பினான். பிழை அவனுடையதன்று, ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டு என்பதுபோல் எழுதிக்காட்டிய என்னுடையது.

இதற்கு மாற்று யாது என்று ஆராய்ந்தபோது, அது நம் இலக்கணத்திலேயே இருக்கக் கண்டேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், பல பொருள் குறித்த ஒரு சொல்லின் பொருளைத் தெளிவதற்கு மூன்று துணைகளைக் கூறுகின்றது. அவை வினை, இனம், சார்பு என்பன. உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்னும் சொல்லைக் காட்டுவர். மா பூத்தது என்றால் மரம் என்பதை வினை காட்டுகின்றது. மாவும் மருதும் ஓங்கின என்றால், உடன் நின்ற மருதாகிய இனம் காட்டுகின்றது. கவசம் பூண்டு நிற்பவன் ஒருவன் மாவைக் கொண்டுவா என்றால், அவன் வேண்டுவது குதிரை என்பதை அவன் நிற்கும் நிலை காட்டுகின்றது. அதுவே சார்பு. இம்மூன்றும் ஆங்கிலத்துக்கும் பொருந்துமாற்றைக் காண்போம்.

முதலாவது வினை. வலை வளைத்தது என்ற வினையோடு வரும் ‘ஷோல்’ மீன் கூட்டம்; படகு தட்டியது என்ற வினையோடு வருவது மணற்றிட்டு. வினையை நோக்கியிருந்தால் என் மாணவன் பிழைத்திரான். வினையை நோக்குமாறு நான் கற்பித்திருக்க வேண்டும்.

இரண்டாவது இனம். ‘பாங்க்’ என்னும் சொல் காசோலை, கடன் என்பவற்றுக்கு அருகே நின்றால் வங்கி. ஆற்றைக் குறிக்கும் ‘ரிவர்’ உடன் நின்றால் ஆற்றங்கரை. ‘பேர்ல் பாங்க்’ என வந்தால், முத்துக்களை வைப்பிலிடும் வங்கி என்று மயங்குதல் கூடாது. மன்னார்க் குடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டே அது. நம் மக்கள் அதனைப் ‘பார்’ என்பர். பேராசிரியர் ஹேர்ட்மன் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட முத்துச்சிப்பி ஆய்வறிக்கையில் இத்தமிழ்ச் சொல்லும் ஆங்கிலத்தினிடையே ஆளப்பட்டுள்ளது. அதனைப் படிக்கும் ஆங்கிலேயனும் அதன் பொருளை அயற்சொற்களைக் கொண்டே உணர்தல் வேண்டும்.

மூன்றாவது சார்பு. துறைமுகக் கதை ஒன்றில் ‘ஓல்ட் சோல்ட்’ என ஒருவரைச் சுட்டினால், புத்தளத்து உப்பளத்தை நினைந்து ‘பழைய உப்பு’ என எழுதுதல் தகாது. கடலிற் பல்லாண்டு பழகிய மாலுமி என்பதே அங்குப் பொருள். கதை நிகழும் இடமும் பேசுவோர் தொழிலும் அதனை உணர்த்தும்.

இச்சார்பின் இன்றியமையாமையை மேலைநாட்டாரும் விளக்கியுள்ளனர். மானிடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கி, முதலாம் உலகப் போர்க்காலத்தில் நியூகினிக்குக் கிழக்கேயுள்ள துரோபிரியாந்துத் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்றார். களப்பில் மீன் பிடிப்போர் தம்முள் விடுக்கும் குரல்களை, அத்தொழிலை அறியாதவன் அகராதி கொண்டு உணர இயலாது என்று 1923 இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினார். கற்பிட்டிக் களப்பின் கரையில் நின்று மீனவர் பேச்சைக் கேட்டோர்க்கு இது புதுமையன்று.

இம்மூன்றும் உதவாத இடமும் உண்டு. ‘ஐ வென்ட் டு தி பாங்க்’ என்று மட்டும் எழுதினால், சென்றது வங்கிக்கோ ஆற்றங்கரைக்கோ என்பது விளங்காது. மா வீழ்ந்தது என்பதும் அத்தகையதே. அவ்வாறான இடங்களிற் சொல்லுவோன் தான் கருதிய பொருளை வெளிப்படையாகக் கிளந்து கூறவேண்டும் என்பதும் தொல்காப்பிய விதியே. ஆங்கிலத்திற் கட்டுரை எழுதும் மாணவர் இதனை மறவாதிருத்தல் நலம்.

இன்று கரும்பலகைப் பட்டியலின் இடத்தைக் கைபேசி அகராதி பெற்றுள்ளது. முதலில் தோன்றும் பொருளை எடுத்தெழுதும் வழக்கமும் அதனோடு வளர்ந்துள்ளது. ஆதலின் மாணவர்க்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கின்றேன். அறியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் திறவாதீர். வாக்கியம் முழுவதையும் இருமுறை படித்து, இதன் வினை யாது, அருகில் நிற்பன யாவை, யார் எங்கிருந்து பேசுகின்றார் என மூன்று வினாக்களை எழுப்புங்கள். தோன்றிய பொருளைக் குறித்துக்கொண்டு, அதன்பின் அகராதியை நோக்குங்கள். சொல்லைத் தனியே எழுதிவையாது, அது வந்த வாக்கியத்தோடு எழுதிவையுங்கள்.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் எழுதி, 1859 இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரால் வெளியிட்டார். புளூட்டாக் என்பது கிரேக்க, உரோமப் பெருமக்களின் வரலாறு எழுதிய ஆசிரியர் ஒருவரின் பெயர். தமிழ் என்னும் சொல்லை அதன் அருகே நிறுத்தியதும், தமிழ்ச் சான்றோர் வரலாற்று நூல் என்னும் புதுப்பொருளை அப்பெயர் பெற்றது. நம் கரையிற் பிறந்த ஒருவர் பிறர் மொழியின் சொல்லை இவ்வாறு ஆண்டார் என்றால், நம் மாணவர்க்கும் அது கைகூடும்.

உடப்பு மாணவனும் பின்னர் ஆங்கிலத்தில் தேறினான். அவன் விடைத்தாளைத் திருத்தும்போது, ‘மோதாது என்று உனக்குத் தெரிந்தால், மோதாது என்றே எழுது’ என்று ஓரத்தில் ஒருமுறை குறித்தேன். கற்பிக்கும் இளைய ஆசிரியர்க்கும் நான் கூறவிரும்புவது அதுவே: மாணவன் முன்பே அறிந்திருப்பதைப் பட்டியலுக்குப் பலியிடாதீர்.